மே மாதத்தில் ஊட்டி

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊட்டி போகலாம் என்கிறார் என் கணவர். கூட்டத்தை நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் காரில் வேண்டாம், மலை ரயிலில் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மே மாத நெரிசலில் காரும் ஊர்ந்துதான் போகும். ரயிலிலாவது ஓட்டுபவரின் புலம்பலைக் கேட்காமல் காட்டைப் பார்க்கலாம். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பிள்ளைகளுக்கு அதை அவசியம் காட்டுங்கள். எந்த இயற்பியல் புத்தகமும் அவ்வளவு அழகாகச் சொல்லித் தராது. யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை இது. முன்பதிவு தொடங்கும் நாளன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

காரில்தான் போவேன் என்று கணவர் பிடிவாதம் பிடித்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு. பலருக்கு இதில் எரிச்சல். நான் மனதார வரவேற்கிறேன். நாம் மூச்சு வாங்கத்தானே மலைக்குப் போகிறோம், மலையும் கொஞ்சம் மூச்சு விடட்டும்!

உங்கள் தயக்கம் தீரவே இல்லையென்றால் கொல்லிமலை பக்கம்தான். 70 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றுபவருக்கு முன் சீட்டைக் கொடுங்கள்.

எந்த மலைக்குப் போனாலும் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.