வானூர்தி அச்சவியல்: டம்டம் நிலையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வரையறுத்துவிட்டுப் போனார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கொல்கத்தா டம்டம் விமான நிலையம் உரையாசிரியர்கள் காலத்தில் இல்லை. ஆகவே இந்த நூற்பாவின் முழு வீச்சு அவர்கள் கண்ணில் படாமலே போயிற்று. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பயணி, இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் பெற்ற டம்டமிலிருந்து முதன்முறையாக வெளிநாடு செல்பவர். லேக் மார்க்கெட் பக்கம் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழராக இருக்கலாம். அதே மாடியின் எதிர்வீட்டு வங்காளியாகவும் இருக்கலாம். மகனோ மகளோ சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார்கள். டிக்கெட் அவர்கள் போட்டது. பயம் மட்டும் சொந்தச் செலவு. முந்தைய விமான அனுபவம்: கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காத ஒரு நாளில் சென்னைக்குப் போனது.

இத்துறையின் முன்னோடி ரவீந்திரநாத் தாகூர். கப்பலில் உலகைச் சுற்றிப் பழகிய அவர், 1932 ஏப்ரல் 11 அன்று, எழுபது வயதில், டச்சு விமானம் ஒன்றில் ஏறிப் பாரசீகம் புறப்பட்டார். வழியில் இறங்கி ஏறி, மூன்றாம் நாள் புஷெர் போய்ச் சேர்ந்தார். அதே வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் தோஹாவுக்கு இன்று கொல்கத்தாவிலிருந்து ஐந்தாறு மணி நேரம். விழுந்துவிடுவோமோ என்ற கவலை அவர் பயணநூலின் பொருள் அல்ல. உயரே போகப் போகப் பூமி மங்கிவிடுகிறதே, மேலிருந்து குண்டு வீசுகிறவனுக்குக் கீழே இருப்பவன் மனிதனாகவே தெரியமாட்டானே என்று அவர் கவலைப்பட்டார். அவ்வளவு உயர்ந்த கவலை நம் பயணிக்குக் கிடையாது. அவர் கவலை பெட்டியின் எடை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் பற்றிச் சிக்கல் இல்லை. 2013-இல் திறந்த புதிய முனையத்தின் கூரையில் தாகூரின் கையெழுத்தையே எழுத்தெழுத்தாக இறைத்து வைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் முதல் நோவாபாராவிலிருந்து வாசல்வரை மெட்ரோவும் ஓடுகிறது. பொழுதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. விமான நிறுவனத்துக்கோ நள்ளிரவில். தென்கிழக்காசியா செல்லும் விமானங்கள் பல நடுநிசியை ஒட்டியே கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி முழுவதும் நிதானமாகப் பெட்டி கட்டி, ராகு காலம் கழித்து, இரவு பத்து மணிக்கு வந்து நிற்பவருக்கு எந்த அச்சமும் எழ வாய்ப்பில்லை. விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

இனி அச்சங்கள், தொல்காப்பியர் வைத்த வரிசையிலேயே.

அணங்கு என்பது கண்ணுக்குத் தெரியாமல் உலுக்குவது. விமானத்தில் அதற்குக் காற்றுக் குலுக்கல் என்று பெயர். இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துத்தான் ஜன்னலோரப் பயணி கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்குகிறார். நடுவே உட்கார்ந்த வங்காளி "துக்கா, துக்கா" என்று துர்க்கையைக் கூப்பிடுகிறார். இறக்கை ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. பறக்கும் காலத்தில் அது சந்திக்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் சான்றிதழே கிடைக்கும். கொல்கத்தாவில் கோடை மாலைகளில் காலபைசாகி புயல் திடீரென்று கிளம்பும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் காலை விமானம் கிடைத்தால் உத்தமம்.

ஆனால் அணங்கை அடியோடு எள்ளிவிடவும் கூடாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வானில் கடும் குலுக்கலில் சிக்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 4.6 வினாடிக்குள் விமானம் 178 அடி இறங்கியதாகவும், பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டிருக்கக்கூடும் என்றும் சிங்கப்பூர் விசாரணையாளர்கள் முதற்கட்ட அறிக்கையில் சொன்னார்கள். பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பயந்தாங்கொள்ளியை இனி யாரும் கேலி செய்ய முடியாது. அவர் செய்வதுதான் சரி.

விலங்கச்சம் பற்றிச் சந்தேகம் எழலாம்: விமானத்தில் ஏது விலங்கு? புறப்படுமுன் காலடியில் நாய் விட்டுவிட்டுக் குரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். சரக்கறையில் யாரோ நாயை அடைத்துவிட்டார்கள் என்று பணிப்பெண்ணைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானங்களின் பிறவிக்குணம் அது. ஒரு ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் குறைந்தால் இன்னொன்றின் பலத்தைக் கொண்டு அதை ஈடுசெய்யும் கருவி ஒன்று வயிற்றுப்பகுதியில் இருக்கிறது. ஒரு இன்ஜின் மட்டும் ஓடும் நேரத்தில் அது குரைக்கும். மேலெழும்பிய சில நொடிகளில் கேட்கும் 'தடால்', சக்கரங்கள் உள்ளே மடங்குவது. அதற்குச் சற்றுப் பின் இன்ஜின் இரைச்சல் தணியும். பயணி இன்ஜின் அணைந்துவிட்டது என்று முடிவு கட்டுவார். விமானியோ புறப்பாட்டு வேகத்துக்குத் தேவைப்பட்ட உந்துவிசையைக் குறைத்து ஏறுகிறார், அவ்வளவுதான். காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும். அறைக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிக உயரம்.

கள்வர் அச்சம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் மேல் கயிறு, கயிற்றின் மேல் சிவப்பு ரிப்பன். பாஸ்போர்ட் இடுப்புப் பையில். பை இருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தடவிப் பார்ப்பதால், திருடனுக்கு இடம் காட்டிக்கொடுப்பதும் அவரே. உண்மையில் பெட்டிக்கு ஆபத்து வெளியிலிருந்து வருவதைவிட அடுப்பங்கரையிலிருந்து வருவதே அதிகம். கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் அது ஆலு போஸ்தோ. இந்த வீட்டில் குருமா. ஐக்கிய அரபு அமீரகத்திலோ அது தடைசெய்யப்பட்ட பொருள். வெற்றிலைக்கும் அங்கே அனுமதியில்லை. மகளுக்கு ஆசையாக மடித்த கால் கிலோ பொட்டலம் துபாய் சுங்கத்தில் அம்மாவைக் குற்றவாளியாக்கிவிடும். கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்துக்கு ஆகாது. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. சிங்கப்பூருக்குச் சூயிங்கம் 1992 முதல் ஆகாது. 100 மில்லிக்கு மேற்பட்ட ஊறுகாய், நெய் எல்லாம் பெரிய பெட்டிக்கு. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதன் பலனை மாவடு அனுபவிக்கிறது.

எடை பார்க்கும் இடத்தில் நடப்பது தனிக் காட்சி. பெட்டி மூன்று கிலோ கூடிவிட்டது. கவுன்டர் எதிரிலேயே குந்தி உட்கார்ந்து ரிப்பன், கயிறு, பூட்டு என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். முறுக்கு டப்பா கைப்பைக்குப் போகிறது. ஸ்வெட்டர் உடம்பின் மேல் ஏறுகிறது. எதிர்வீட்டுக்காரர் குரங்குக் குல்லாயையும் தலையில் மாட்டிக்கொள்கிறார். போவது முப்பது டிகிரி சிங்கப்பூருக்கு. வரிசையில் யாரும் சிரிப்பதில்லை. அவரவர் பெட்டி அவரவர் கண்முன் நிற்கிறது.

நான்காவது இறை: அதாவது குடியேற்ற அதிகாரி. ஒருகாலத்தில் இந்த அச்சத்துக்குத் துணையச்சம் ஒன்றும் இருந்தது. புறப்பாட்டு அட்டையை நிரப்பப் பேனா இரவல் கேட்க வேண்டியிருந்தது. 2017 ஜூலையோடு இந்தியர்களுக்கு அந்த அட்டை ஒழிந்தது. இப்போது அட்டைகள் போகும் நாட்டின் இணையதளத்துக்கு இடம் மாறிவிட்டன: சிங்கப்பூருக்கும், 2025 மே முதல் தாய்லாந்துக்கும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருப்பவர் பெரும்பாலும் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யார் வீட்டில் தங்குவீர்கள் என்றுதான் கேட்பார். மருமகன் பதவி உயர்வு பெற்ற கதையை அங்கே தொடங்கத் தேவையில்லை. திரும்பும் டிக்கெட், மகளின் முகவரி, ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் மிச்சமுள்ள பாஸ்போர்ட் மூன்றும் காகிதமாகக் கையில் இருக்கட்டும். போனில் இருந்தால் அந்த நேரம் பார்த்து சார்ஜ் தீரும்.

ஆய்வின் முடிவு இது: அணங்கும் விலங்கும் விமானத்தில் இருக்கின்றன, அவற்றைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். கள்வரும் இறையும் தரையில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் பாதி பயணியே பெட்டியில் வைத்துக் கட்டியது. எனவே இறக்கையைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் கசகசாவைத் தேடுவதில் செலவழிக்கலாம். மீதி நேரத்துக்கு, 2024 டிசம்பரில் நிலையத்தில் தொடங்கிய உடான் யாத்ரி கஃபே இருக்கிறது. திறந்தபோது தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய்.

மேலாய்வுக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. நான்கு மணி நேரம் கைப்பிடியை விடாமல் பற்றியிருந்தவர், சக்கரம் தரையைத் தொட்ட கணமே பெல்ட்டைக் கழற்றி எழுந்து, மேல்தட்டுக்குக் கீழே கழுத்தை வளைத்து, கதவு திறக்கும்வரை அப்படியே நிற்கிறார். இதை எட்டு மெய்ப்பாடுகளில் எதில் சேர்ப்பது என்று வருங்கால ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும்.