வெளியே அடி மாப்ளே!

ஹாக்கியில் கோல் போடுவது எப்படி என்று சொல்லித்தர ஊருக்கு ஊர் ஆள் உண்டு. தன் கோலுக்கு முன்னால் கிடக்கிற பந்தை அங்கிருந்து கிளப்புவது எப்படி என்று கேட்டால் மட்டும், "அடிச்சு விட வேண்டியதுதானே?" என்பார்கள். அதைச் செய்ய முடியாமல்தான் எங்கள் கல்லல் அணி வந்தவன் போனவனிடமெல்லாம் தோற்றது.

எங்கள் மைதானம் செம்மண் பொட்டல். நீளம் 100 கஜம். அதில் 75 கஜம் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. எதிரணிக் கோலி கம்பத்தில் சாய்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பந்து எங்கள் பகுதியை விட்டுப் புறப்படுவது, செட்டிநாட்டு வீட்டில் விருந்துண்ட சித்தப்பா விடைபெறுவது மாதிரி. "வாரேன்" என்று எழுந்திருப்பார். வளவில் அரைமணி, முகப்பில் அரைமணி பேசிவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று மறுபடி உள்ளே போவார்.

ஹாக்கி மட்டையில் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும். உருண்டைப் பக்கம் பட்டால் ஃபவுல். இடக்கை மட்டை என்று ஒன்றும் கிடையாது. பந்து இடப்பக்கம் வந்தால் மட்டையைக் கவிழ்த்துப் பிடிக்கணும், இல்லையென்றால் பந்தைச் சுற்றி ஓடணும். நான் லெஃப்ட் பேக். நான் சுற்றி வருவதற்குள் அங்கே பந்து இருக்காது.

"வெளியே அடி மாப்ளே!" என்று கோலி கத்துவான். பக்கவாட்டில் அடித்தால் பந்து எதிரணிக்கு. பின்கோட்டுக்கு வெளியே தெரியாமல் போனால் லாங் கார்னர், வேண்டுமென்றே தள்ளினால் பெனால்டி கார்னர். எங்கள் ஆட்டத்தைப் பார்த்த எந்த நடுவரும் நாங்கள் எதையும் வேண்டுமென்று செய்ததாகச் சொன்னதில்லை.

ஆனாலும் பெனால்டி கார்னருக்குக் குறைவில்லை. ஃபார்வர்டுகளும் உதவிக்கு வந்து கோலுக்கு முன்னால் இருக்கிற டி வளைவுக்குள் பதினோரு பேரும் நிற்போம். மொத்தம் இருபத்திரண்டு கால். பந்து ஏதாவதொன்றில் பட்டே தீரும்; கோலி தவிர யார் காலில் பட்டாலும் பெனால்டி கார்னர். பெனால்டி கார்னரைத் தடுக்கக் கோலியோடு ஐந்து பேர்தான் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போயாகணும். எங்கள் ஃபார்வர்டுகள் நடுக்கோட்டைப் பார்த்தது அப்போதுதான்.

பி.டி. சார் ஸ்கூப் கற்றுக்கொடுத்தார்: பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்து, எதிராளிகளின் தலைக்கு மேலே தூக்கி அனுப்புவது. டிவியில் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் செய்தால் பந்து பாதி மைதானம் பறக்கிறது. எங்கள் ரைட் பேக் செய்தபோது ஒரு கூடை செம்மண் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரியவர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு என்பதில் எனக்கு அற்பமாக ஓர் ஆறுதல். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் இந்தியாவுக்கு அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து ஒரு கோலைப் போட்டது. போச்சு. களத்தில் தன்ராஜ் பிள்ளை. பயிற்சியாளர், 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். அப்படிப்பட்டவர்களுக்கே அந்த இரண்டு நிமிடம் நீண்டுவிட்டது. நாங்கள் அந்தக் காலத்து ஆட்டத்தின் 70 நிமிடமும் அதே நிலையில் நின்றவர்கள்; எங்களுக்கு யாரும் ஒரு சோடாகூட வாங்கித் தரவில்லை.

2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்தே பேர். பிரிட்டன்காரர்கள் அலையலையாக வந்தார்கள், நம்ம கோலி ஸ்ரீஜேஷ் காலாலும் கையாலும் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். 1-1. பிறகு ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது.

ஆட்டம் முடிந்த கையோடு எங்கள் பழைய கோலி போன் செய்தான்.

"பாத்தியா மாப்ளே, பத்துப் பேரை வச்சுக்கிட்டுத் தடுத்துட்டாங்க. ஒரு ஆளு கொறஞ்சா டி-க்குள்ள எடம் இருக்கும்டா. நம்ம அப்பவே உன்னை வெளிய உக்கார வச்சிருக்கணும்!"