இரைச்சலுக்குள் கேட்ட குரல்கள்

ட்ரங்க்கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து, லைன் கிடைத்ததும் "கேக்குதா, கேக்குதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். எண்பதுகளில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ரேடியோ அறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வங்காள விரிகுடாவுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் விமானியோடு பேசுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டால் விமானம் ரேடாருக்கு எட்டாது, எச்.எஃப். ரேடியோ ஒன்றுதான் துணை. வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி வரும் அந்த அலைகளுக்குப் பகலில் ஒரு குணம், இரவில் ஒரு குணம். பொழுது சாயும் நேரத்தில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே, கொதிக்கும் எண்ணெய் போன்ற அந்த இரைச்சலுக்குள் காதை நட்டுவைத்து, விமானத்தின் பெயர், இருக்கும் இடம், நேரம், உயரம், அடுத்த இடத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்பதையெல்லாம் எழுதி வாங்கி, கண்ட்ரோலரிடம் சீட்டை நீட்ட வேண்டும்.

இருபத்து சொச்சம் வயதில், இந்த இரைச்சல் ஒழிந்து எல்லாம் தெளிவாகக் கேட்கும் நாள் வராதா என்று ஏங்கியவன் நான். இன்று ஏக்கம் அப்படியே திசை மாறி, அந்த அறையின் பக்கமே போய் நிற்கிறது. ஜப்பானியர், ஆஸ்திரேலியர், அரபு நாட்டவர் என்று எத்தனை விதமான ஆங்கிலம்! ஐந்தை "ஃபைஃப்" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் எல்லோரும் ஒரே ராகத்தில் சொல்லும்போது, ஒரு எண் இன்னொன்றாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்று உலகமே சேர்ந்து எடுத்துக்கொண்ட அக்கறை அதில் இருந்தது. நடுநிசியில் எங்கள் வான் எல்லையைத் தாண்டும்போது "குட் நைட் மெட்ராஸ்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போகும். முகம் தெரியாது, ஆனால் அடுத்த வாரம் அதே குரல் வந்தால் தெரியும்.

அந்த அக்கறை ஏன் என்பதைப் பயிற்சியில் எங்களுக்கு டெனெரீஃப் விபத்து சொல்லித்தந்தது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், பனிமூட்டம். கே.எல்.எம். விமானம், டேக் ஆஃப் அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கிவிட்டது. "ஓகே" என்று ஆரம்பித்து, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று கோபுரம் சொன்ன அதே நொடியில், நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேச, இரண்டு குரலும் மோதி ஒரு கீச்சொலியாகிவிட்டது. "ஓகே" மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. ரன்வேயிலேயே இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் "டேக் ஆஃப்" என்ற சொல்லை, அதற்கான அனுமதியைத் தரும்போதும் திரும்பப் பெறும்போதும் தவிர வேறு இடத்தில் எடுக்கக் கூடாது என்று ஆனது. ஆனால் என் மனதில் இன்றும் நிற்பது வேறொரு நொடி. ரன்வேயை விட்டு வெளியேறியதும் சொல்கிறோம் என்று பான் ஆம் சொன்னதை, கே.எல்.எம். விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டுவிட்டார். அவர்கள் இன்னும் போகவில்லையா என்று கேப்டனிடம் கேட்கவும் செய்தார். போய்விட்டார்கள் என்று அழுத்தமாகப் பதில் வந்தது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் இருந்ததால்தான் செய்தி அழிந்தது. எல்லோரும் இருந்ததால்தான் கடைசி வாய்ப்பு ஒன்றும் அவர்கள் காதுவரை வந்தது.

இன்னொரு பாடம் 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் வந்தது. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானத்தில் தரையோடு பேசியவர் தனி ரேடியோ ஆபரேட்டர். உயரமானி அவர் முன்னால் இல்லை, விமானியின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். டெல்லியில் அப்போதிருந்த ரேடாரோ, விமானம் எத்தனை அடியில் பறக்கிறது என்பதைக் காட்டாது. மறுநாள் எங்கள் அறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரேடியோவில் உட்கார்கிறவனுக்குத் தெரியும், எண்ணைத் திருப்பிச் சொல்வது வேறு, அது கண்ட்ரோலைப் பிடித்திருக்கும் கைவரை போய்ச் சேர்வது வேறு என்று. அதன்பின் உயரம் காட்டும் ரேடார் வந்தது, வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வந்தன, மோதலை எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. இவற்றுக்கெல்லாம் நான் இன்றும் கைகூப்புகிறேன்.

இப்போது கடலுக்கு மேலே பெரும்பாலும் எழுத்துதான். கண்ட்ரோலர் தட்டச்சு செய்வதை விமானி திரையில் படித்து, ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துகிறார். இருக்கும் இடத்தை விமானமே செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொள்கிறது. ஐந்தும் ஒன்பதும் குழம்ப வழியில்லை. இளமையில் நான் வேண்டிக்கொண்ட நாள் இதுதான், வந்தேவிட்டது. ஆனாலும், வேறொருவருக்கான உயரத்தை ஒருவர் தப்பாகத் திருப்பிச் சொன்னால், நூறு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு விமானி குறுக்கே புகுந்து "அது உங்களுக்கில்லை, எங்களுக்கு" என்று சொல்லும் அந்தப் பொதுக் காது போய்விட்டது. ஒருவருக்கு வரும் எழுத்து அவர் திரையோடு சரி. முன்னால் போகிறவர் குலுக்கலைப் பற்றி முறையிடுவதைக் கேட்டு, பின்னால் வருகிறவர் தானாகவே பெல்ட் விளக்கைப் போடுவதும் அதோடு குறைந்துபோயிற்று.

கரையை நெருங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஓடுபாதைக்கு முன்னால் ஒவ்வொரு நொடியும் கணக்கு. தட்டச்சு செய்து, படித்து, பொத்தானை அழுத்தி முடியும்வரை விமானம் காத்திருக்காது. அதனால் மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர்களும் கிளம்புகிறவர்களும் இன்றும் வாயால்தான் பேசுகிறார்கள். ஒரே அலைவரிசையில் நான்கைந்து பேர் காத்திருக்க, கண்ட்ரோலர் எண்ணைச் சொல்கிறார், விமானி திருப்பிச் சொல்கிறார், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.