வாட்டம் பார்ப்பவர்

சென்னைப் புறநகரில் சொந்த வீடு கட்டி முடித்து, கணபதி ஹோமம் நடத்தி, பசுவையும் கன்றையும் கூடத்துக்குள் அழைத்து வந்து, பால் காய்ச்சி, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையும் கொடுத்து அனுப்பிய பின்னும், அந்த வீட்டில் மனம் குளிர இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக் குளிக்க அஞ்சும் மனிதர் ஒருவர் உண்டு. அவரைப் ‘புதுமனைக்காரர்’ என்று வகைப்படுத்தலாம். வீடு அவருடையதுதான், ஆயின் மின்சாரம் கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பில் வருகிறது, தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவுநீரோ எங்கும் போகாமல் வாசலருகே ஒரு குழியில் தங்கியிருக்கிறது. தெய்வங்கள் முகூர்த்தம் தவறாமல் குடியேறிவிட்டன. குழாய்கள்தாம் இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மேஸ்திரியும் டைல்ஸ் கடைக்காரரும் இவரை ‘ஓனர் சார்’ என்றே அழைத்தனர். இணைப்பு கேட்டு முதல் அலுவலகத்தின் படியேறிய அன்று அப்பட்டம் கழன்று விழ, அவர் ‘விண்ணப்பதாரர்’ ஆகிறார். நிலைக்கதவுக்குத் தேக்கு தேடி மூன்று ஊர் அலைந்தவர், ஒரு கால் குட்டையான பெஞ்சில் ஓரமாக உட்காரப் பழகுகிறார். அன்று முதல் அவர் கையை விட்டு நீங்காதது ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கிரயப் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது, ஆதார் ஆகியவை மும்மூன்று நகல்களாக அதனுள் துயில்கின்றன. கேட்கப்படும் தாள் மட்டும் எப்போதும் வீட்டில் இருக்கும். “பெத்த பிள்ளையைக்கூட இவர் இவ்வளவு தூக்கினதில்லை” என்பது அந்த ஃபைலைப் பற்றி அவர் மனைவி சொல்வது.

மின்சாரம் இவ்வரலாற்றில் சிறு அத்தியாயமே. கட்டுமானத்துக்குரிய உயர்ந்த கட்டணத்திலிருந்து வீட்டு உபயோக வகைக்கு மாறினால்தான், 2016 முதல் நடைமுறையில் உள்ள, இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்னும் சலுகை கிட்டும் என்பதால், அவர் முதலில் அங்கேதான் ஓடுகிறார். கட்டடம் அனுமதிப்படியே எழுந்தது எனச் சொல்லும் பணி நிறைவுச் சான்று சிறிய வீடுகளுக்குத் தேவையில்லை என 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் விலக்கு அளித்துள்ளன. புதுமனைக்காரருக்கு அது நிம்மதி தராது. சான்று தேவையில்லை என்பதற்கு ஒரு சான்று இருந்தால் நல்லதாயிற்றே என்று அந்த விதியின் நகலையும் எடுத்து, அதிலும் மூன்று பிரதி வைத்துக்கொள்கிறார்.

அவரை உண்மையில் உருமாற்றுவது கழிவுநீரே. நகரின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பாக 1978இல் அமைக்கப்பட்டு, மக்கள் வாயில் ‘மெட்ரோ வாட்டர்’ என்று சுருங்கிய வாரியம் ஒருபுறம். மழைநீர் வடிகாலையும் தெருவையும் பராமரிக்கும் மாநகராட்சி மறுபுறம். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மடிப்பாக்கமும் வளசரவாக்கமும் மாதவரமும் ஒரே நாளில் சென்னை ஆயின. எல்லைக்கோட்டின் வேகத்துக்குப் பாதாளச் சாக்கடையால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே, ‘தெருவில் மெயின் ஓடுகிறதா, நமக்குக் கிளை கிடைக்குமா’ என்பதே புதுமனைக்காரரின் காலைத் தியானம். மழைநீர் வடிகால் ஆற்றுக்கும் கடலுக்கும் போவது, கழிவுநீர்க் குழாய் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போவது என்ற வேறுபாட்டை அவர் இப்போது தூக்கத்திலும் ஒப்பிப்பார். “ராத்திரியோட ராத்திரியா வடிகால்ல விட்டுடலாம் சார், யாருக்குத் தெரியப்போகுது” என்று பிளம்பர் தலையைச் சொறிந்தபோது, அவர் அதிர்ந்து மறுத்தார் என்பது உண்மை. மறுப்பதற்கு முன் சிறிது நேரம் யோசித்தார் என்பதும் உண்மை.

இக்கல்வியின் உச்சம் ‘வாட்டம்’. கொத்தனார்களின் வழக்கில் இச்சொல் தரைக்கோ குழாய்க்கோ கொடுக்கும் சரிவைக் குறிக்கும். கழிவுநீரைத் தள்ள வீட்டில் எந்த இயந்திரமும் இல்லை, அது தன் பாரத்தாலேயே இறங்கிச் செல்ல வேண்டியிருப்பதால், நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி இறக்கம் என்று ஒரு பழங்கணக்கு உண்டு. இறக்கம் குறைந்தால் அழுக்கு நடுவழியில் படிந்துவிடும். மிகுந்தால் நீர் முந்தி ஓடி, உடன் வரவேண்டியது பின்தங்கிவிடும் என்று கொத்தனார்கள் எச்சரிப்பார்கள். கணக்கு எளியதாயினும், சென்னை தட்டையான ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட அச்சத்தில் அடித்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியவர், அந்த மூன்றடி இப்போது குழாய்க்கும் உதவுகிறது என்று பூரிக்கிறார். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டு உயர்ந்துகொண்டே போகும் தெருவை நினைக்கும்போது அப்பூரிப்பு வடிந்துவிடுகிறது. குழாயில் வாட்டம் இல்லை என்று தெரிந்த மாலையில் அது முழுவதும் அவர் முகத்தில் இருக்கும்.

வாட்டம் புரிந்த மனிதர் பழைய மனிதராக இருப்பதில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் கைகழுவும் இடத்தில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்கிறார். கோவில் பிராகாரத்தில் மழைநீர் தேங்காமல் வெளியேறுவதைக் கண்டு, மூலவரை மறந்து, சோழர்காலத்துத் தச்சனைக் கும்பிடுகிறார். தொட்டிமுற்றத்து நீர் வெளியேறும் வளைவில் எப்போதும் இரண்டு அங்குல நீர் தேங்கி நின்று, சாக்கடை வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் மறிக்கும் ‘டிராப்’ என்னும் எளிய அமைப்பைப் பற்றி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியிடம் விளக்க அவருக்குக் கூச்சமே இல்லை.

எல்லாம் கூடிவரும்போது காலம் குறுக்கே நிற்கிறது. குழாய் வாரியத்துடையது, அதன் மேலுள்ள தார் மாநகராட்சியுடையது என்பதால், தெருவைத் தோண்டிப் பின்னர் மூடுவதற்குப் பணம் கட்டி ‘சாலை வெட்டு அனுமதி’ பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் பள்ளங்களில் மக்கள் விழாதிருக்க மாநகராட்சி இவ்வனுமதியை நிறுத்திவைப்பது வழக்கம். இது நியாயமான ஏற்பாடே. ஆனால் புதுமனைக்காரரோ ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் பால் காய்ச்சி, புரட்டாசியில் விண்ணப்பித்தவர். பஞ்சாங்கமும் பருவமழையும் கைகோத்து அவரைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடுகின்றன. தை பிறந்தால் வழி பிறக்கும் என்னும் சொல்லுக்குக் குழாய்வழி என்றும் பொருள் கொள்ளலாம் என அவர் மார்கழி முழுவதும் ஆறுதல் கூறிக்கொள்கிறார். வாசற்குழி நிரம்பும்தோறும் லாரியை அழைத்து உறிஞ்சச் செய்கிறார்.

இறுதியில் தெரு வெட்டப்பட்டு, கிளைக்குழாய் மெயினோடு சேரும் நாளில், குடும்பம் முழுவதும் வாசலில் கூடுகிறது. மாடியில் மகன் ஒரு வாளி நீரைக் கவிழ்க்க, கீழே தந்தை, அடைப்பு நேர்ந்தால் திறந்து பார்ப்பதற்கென்று கட்டப்பட்ட சேம்பரின் மூடியைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து நிற்கிறார். நீர் சலசலத்து வந்து, தயங்காமல் கடந்து போகிறது. “இன்னொரு வாளி ஊத்துடா!” என்று அவர் கூவுகிறார். கிரகப்பிரவேசத்தன்று புகையில் கலங்காத கண்கள் இன்று கலங்குவதை மனைவி பார்த்தும் பாராதவராய் உள்ளே போகிறார்.

அதன் பின்னர் வீடு பார்க்க வருவோருக்கு மரவேலைப்பாடு மிகுந்த பூஜையறை இரண்டாவதாகவே காட்டப்படுகிறது. வந்தவர் அடுத்த பகுதியில் மனை வாங்கியிருப்பவராய் இருந்துவிட்டால், அவருக்குக் காபி வரத் தாமதமாகும். புதுமனைக்காரர் சேம்பர் மூடியின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஜாதகம் கேட்கும் பெரியவரின் நிதானத்தோடு தொடங்குகிறார்: “அதெல்லாம் இருக்கட்டும் சார், உங்க தெருவுல மெயின் எத்தனை அடி ஆழத்துல போகுது?”