பின்கதவு ஒலியியல்: கிழக்கேகோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

பிக்கப் வண்டி வாங்குகிறவர் அதன் பின்கதவு ஸ்பீக்கரை ஏன் மாற்றுகிறார் என்ற வினாவை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஆய்வுப் பொருளாக ஏற்றதாகத் தெரியவில்லை. உரிமையாளர் உட்காருவதோ முன்னால். பாட்டு முன்பக்கத்திலிருந்து வரவேண்டும், பின்கதவை அடக்கி வையுங்கள் என்றுதான் இத்தொழிலில் பழுத்தவர்களும் சொல்கிறார்கள். பின் இருக்கையில் அமரும் மாமியார் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். பணம் கொடுப்பவருக்குப் பயனில்லை, பின்னால் இருப்பவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் இது யாருக்காக? பேருந்து நிறுத்தத்துக்காக என்பதே எமது கருதுகோள்.

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நகரப் பேருந்துகள் வந்து குவியும் இடம். ஒருபுறம் சாலைக் கம்போளம். ஒருபுறம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காய். வண்டியும் நகராது, நிற்பவரும் ஓட முடியாது. இப்படியொரு சபை வேறெங்கே வாய்க்கும்? ஊருக்கு ஸ்டீரியோ மரபே உண்டு என்பாரும் உளர். பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி நிற்கும் மேத்தன்மணிக் கடிகாரத்தில் மணிக்கொருமுறை தாடிக்காரர் வாய் திறக்க, இரண்டு ஆடுகள் இரு கன்னத்திலும் முட்டும். ஆலன் புளும்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இடமும் வலமும் பிரிந்துவிட்டன என்பது அவர்கள் வாதம். ஏற்பதற்கில்லை. இரண்டு ஆடும் ஒரே நேரத்தில் முட்டுவதால் அது மோனோ.

இனிக் கதவு. உந்தியில் தொடங்கும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு கூடி எழுத்தாகிறது என்பது தொல்காப்பியர் பிறப்பியலில் காட்டும் முறை. ஸ்பீக்கருக்கு வாய்ஸ் காயிலே உந்தி, கூம்பே நெஞ்சு. அண்ணம் இல்லை, அந்த வேலையைக் கதவு செய்யவேண்டும். கம்பெனிக் கதவு செய்வதில்லை. அதன் உள்தகட்டில் ஊருப்பட்ட ஓட்டைகள். கூம்பு முன்னே தள்ளும்போதே பின்னே இழுக்கிறது. அந்தப் பின் அலை ஓட்டை வழியே வெளிவந்து முன் அலையோடு கூட, பேஸ் செத்துப்போகிறது. விலை கூடிய ஸ்பீக்கரைப் பழைய கதவில் அப்படியே மாட்டியவர்கள் புலம்புவது இதனால்தான். ஓட்டையை அடைத்து, தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டி டேம்பிங் செய்தால் பழைய ஸ்பீக்கர்கூட ஆள் மாறிப் பேசும்.

வாட்ஸ் இதற்கு அடுத்த கவலை. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச வாட்ஸ். பார்க்கவேண்டிய ஆர்எம்எஸ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். பேட்டரி வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவருவதில் உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் கொண்டுகூட்டு முறையே கையாளப்படுகிறது: எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ சேர்ப்பது.

ஒரு தடை எழலாம். 50 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் நீளமே 5.3 மீட்டர், அலை எப்படி உள்ளே அடங்கும்? விடை: காது அறிவது அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும், முழு அலையும் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டியதில்லை. அடைத்த சிறு கேபினில் பேஸ் கூடத்தான் செய்யும். கண்ணாடியை இறக்கினால் அந்த அனுகூலம் போய்விடும். எமது கருதுகோளின்படியோ, இறக்காமல் முடியாது.

இறக்குவதிலும் ஒரு சங்கடம். கண்ணாடி கதவுக்குள்தான் இறங்குகிறது. ஸ்பீக்கரின் காந்தம் ஆழமாக இருந்தால் பாதியில் முட்டி நின்றுவிடும். பெரிய காந்தம் பார்த்து வாங்கினால் கண்ணாடி இறங்காது. கண்ணாடி இறங்காவிட்டால் நிறுத்தத்துக்கு இசை இல்லை. எம்டிஎஃப் வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னே தள்ளி மாட்டினால் இது தீரும். பிறகு டோர் பேட் மூடாது.

கண்ணாடி இறங்கினாலும் பேருந்து இரைச்சல் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் விதித்த வரம்பு 65 டெசிபல். பேருந்துகளின் காதில் இதை யாரும் போடவில்லை போலும். டீசல் இஞ்சின் உறுமலில் பேஸ் கரைந்து, நிற்பவருக்கு எட்டுவது ட்வீட்டரின் சில்லொலிதான்.

எஞ்சியது ஒரு கண்டுபிடிப்பு. நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கம் போகிறது, நிறுத்தமும் இடப்பக்கமே. ஆகவே சபையை நோக்கியிருப்பது இடது பின்கதவு மட்டும். வலது பின்கதவு பாடுவதெல்லாம் பக்கத்தில் ஹெல்மெட் போட்டு நிற்பவருக்கு. தேவை ஒற்றை ஸ்பீக்கர், விற்பதோ ஜோடியாக. கோஆக்சியல் ஸ்பீக்கருக்கு இடம் வலம் கிடையாது; எனவே ஒரு ஜோடியை இரு வண்டிக்காரர்கள் பங்கிட்டு இருவருமே இடக்கதவில் மாட்டிக்கொள்ளலாம் என்று நாகர்கோவில்காரரான ஒரு கடைக்காரரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, செருப்புக் கடையிலயும் ஒத்தைக்குத்தான் வெல கேப்பியளோ?”

செருப்புக்கு இடம் வலம் உண்டு என்ற எமது மறுப்பு தனிக் கட்டுரையாக வரும்.