கைய விட்டுப் பாருங்க

முதலில் கையைக் கேட்பார். என்னவோ ஏதோ என்று நீட்டினால், மணிக்கட்டைப் பிடித்துப் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே செருகிவிடுவார். "படுக்கப் போடாதீங்க சார், குத்தலா வைங்க. ஆங், எத்தனை விரல் போகுது?" நாலு என்றால் முகம் சுருங்கும். "நல்லாப் பாருங்க, கட்டைவிரலும் போகும்." கட்டைவிரலும் போகும். "போன மாசம் ரெண்டே விரல்தான் சார் போச்சு!" என்று சொல்லி, டயர் அழுக்கோடு உங்கள் கையை உங்களிடமே திருப்பித் தருவார்.

பழைய சஃபாரிக்குக் காயலான் கடை ஸ்பிரிங் வாங்கிப் போட்டு உயரம் ஏற்றியவரைக் கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய அடையாளம் வேண்டாம். டேப் வைத்து அளக்க மாட்டாரா என்று கேட்காதீர்கள். அளப்பார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, டைரியில் தேதி போட்டு எழுதியும் வைத்திருப்பார். ஆனால் டேப் காட்டும் எண் அவருக்கு மட்டும் தெரிந்த சந்தோஷம். அடுத்தவன் கை உள்ளே போனால்தான் அது ஊரறிந்த சந்தோஷம்.

ஆகவே கூரியர் பையன் கையெழுத்து வாங்கும் முன் கையை விட்டாக வேண்டும். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வருபவர் விட்டாயிற்று. தண்ணீர் கேன் போடுபவர் ஒரு கையில் கேனோடு மறுகையை விட்டார். மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜி வருவதற்கு முன்பே சம்பந்தியின் கை உள்ளே போய், வெளியே வரும்போது பட்டுச் சட்டையின் கஃப் கறுப்பாகிவிட்டது. சம்பந்தம் எப்படியோ கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பாவிடமும் ஒரு பழைய ஜீப் இருந்ததாம்.

துக்க வீட்டிலும் விதிவிலக்கு கிடையாது. மாலை போட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பைத் தேடும் மனிதரின் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "அப்படியே வண்டிப் பக்கம் வாங்களேன்" என்பார்.

விரல் கணக்கில் உள்ள சிக்கலும் அவருக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் ஜிம் வைத்திருப்பவர் கையை விட்டபோது மூன்று விரலோடு நின்றுவிட்டது. இவர் சற்றும் கலங்காமல், "உங்க விரல் ஸ்டாண்டர்டு சைஸ் இல்லை சார்" என்று சொல்லிவிட்டார். என் கை ஒல்லி. அதனால் விருந்தாளி யார் வந்தாலும் என்னைக் கீழே கூப்பிடுவார். "சார், ஒரு நிமிஷம் வந்து கைய விட்டுக் காட்டுங்க." ஞாயிற்றுக்கிழமை, சவரம் பாதியில், முகத்தில் நுரையோடு போய்க் காட்டியிருக்கிறேன்.

அந்த ஸ்பிரிங் வந்த வழியையும் சொல்லவேண்டும். 1998-இல் டாடா சஃபாரி வந்தபோது, அதைச் சாலையில் பார்த்துத் திரும்பி நின்ற தலைமுறை இவருடையது. அன்று கையில் காசில்லை. காசு வந்தபோது மூன்றாம் கையாக ஒரு 2004 மாடல் கிடைத்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் பாரம் தாங்கிய ஸ்பிரிங் என்றால் உட்காரத்தானே செய்யும்? பின்பக்கம் தாழ்ந்து, வண்டி எப்போதும் மேட்டில் ஏறுவதுபோல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் புது ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். இவருக்கு அதில் ருசி இல்லை. புது ஸ்பிரிங் போட்டால் வண்டி பழைய உயரத்துக்குத்தான் வரும். அது யாருக்கு வேண்டும்?

கூவத்தின் கரையில் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே மலைமலையாய்க் குவிந்திருக்கும் உதிரி பாகங்களில் எதைத் தொட்டாலும் அது டாக்டர் வண்டியிலிருந்து கழற்றியதாகவே இருக்கும். தமிழ்நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாருடைய வண்டியும் உடைப்புக்கு வருவதில்லை போலிருக்கிறது. "என்ன பாய், இது எந்த வண்டியோடது?" என்று கேட்டிருக்கிறார். "பஜேரோ ஐட்டம் சார். டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடிச்சு." நம்மவர் இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் நிறுத்தி, டேப்பை விரித்து, சஃபாரி ஸ்பிரிங்கைவிட நெட்டை என்று கண்டதும் அங்கேயே பணத்தை எண்ணிவிட்டார்.

ஸ்பிரிங் கடையில் சும்மா நிற்கும்போது எவ்வளவு நெட்டை என்று மட்டும் பார்த்தால் போதாது. வண்டி மேலே உட்கார்ந்த பிறகு எவ்வளவு நெட்டை என்பதுதான் கேள்வி. அந்த நெட்டையோடு சேர்ந்து அதைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுற்றின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை. அதிலும் கம்பித் தடிமன் பொல்லாதது. சுருளின் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பி இருந்த இடத்தில் 13 மி.மீ. வந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், பின்சீட்டில் உட்காருபவர் தலைக்குத் தெரியும். நம்மவர் வாங்கியது அப்படிப்பட்ட கனத்த கம்பி. எட்டுப் பேரும் நாலு மூட்டை அரிசியும் ஏறினால் வண்டி சுகமாகப் போகும். பெரும்பாலும் ஏறுகிறவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடின ஸ்பிரிங்கில் ஜோடி என்பது கடைக்காரர் நாக்கில்தான் ஜோடி. ஒன்றின்மேல் மஞ்சள் பெயின்ட் பொட்டு, மற்றதன்மேல் வெள்ளைப் பொட்டு. தொழிற்சாலைகளில் தாங்கும் அளவைப் பிரித்துக் காட்டத்தான் அந்தப் பொட்டு வைப்பார்கள். மாட்டியதும் வண்டி இடப்பக்கம் ஒரு விரல் சாய்ந்தது. இவர் கழற்றவில்லை. "டிரைவர் உட்கார்ந்தா சரியாயிடும் சார், கணக்குப் போட்டுத்தான் அந்தப் பக்கம் போட்டேன்" என்றார். டிரைவர் இறங்கியதும் வண்டி மறுபடி சாய்ந்துகொள்ளும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வண்டி உயர்ந்ததால் ஷாக் அப்சார்பருக்கு நீளம் போதவில்லை. வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம். லேத்தில் கொடுத்துத் துண்டு வைத்து நீட்டினார். பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் ராடு பழைய நீளத்திலேயே இருந்ததால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு டயர் மட்டும் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பிரேக் ஹோஸ் விறைத்து நின்றது. அதற்கு ஒரு ஞாயிறு, இதற்கு ஒரு ஞாயிறு. ஜாக்கி என்னுடையது.

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "சார், இந்த வண்டிக்குப் பின்னால் முழு அச்சு. ஸ்பிரிங் அந்த அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கு. ஸ்பிரிங்கை உயர்த்தினா அச்சுக்கு மேலே இருக்கிறதுதான் உயரும். நடுவுல தொங்குதே டிஃபரன்ஷியல் உருண்டை, கல்லுல முதல்ல இடிக்கிறது அதுதான். அது இருந்த இடத்துலதானே இருக்கு? அதை உயர்த்தப் பெரிய டயர்தானே போடணும்?"

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அதைத் தவிர எல்லாமே உயர்ந்திருக்கு இல்லையா சார்?"

எந்தக் கல்லின் மேல் ஏற்றப்போகிறார் என்பதும் தெரிந்தபாடில்லை. "கொல்லிமலை போகணும் சார். எழுபது கொண்டை ஊசி வளைவு" என்பார். அந்த 70 வளைவும் தார் ரோடு. அரசு பஸ் நித்தம் ஏறி இறங்குகிறது. உயரம் ஏற்றிய வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயும் என்பதால், இருப்பதிலேயே இந்த வண்டிக்கு ஒவ்வாத இடம் அதுதான். நல்லவேளையாக அவர் போவது மடிப்பாக்கம் மார்க்கெட்டுக்கு.

முன்பக்கக் கதை வேறு. பின்பக்கம் எழும்பியதும் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன்னாலும் ஸ்பிரிங் மாற்றலாம் என்று குனிந்தவருக்கு ஓர் அதிர்ச்சி. அந்த மாடலில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, டார்ஷன் பார். வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் இரும்புத் தண்டு, முறுக்கை வாங்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. அதன் கோடியில் ஒரு போல்ட். ஸ்பேனரால் இறுக்கினால் முகம் எழும்பும். செலவே இல்லை! அன்று அவர் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். இறுக்கினார், எழுந்து வந்து கையை விட்டுப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். தண்டு கொஞ்சமும் விறைப்பாகவில்லை. சக்கரம் கீழே இறங்கக் கிடைத்த இடம்தான் குறைந்தது. பள்ளம் வந்தால் முன்சக்கரம் இறங்க மறுத்து அந்தரத்தில் நின்றது.

இதுவரை சிரித்தாயிற்று. இனிமேல் சொல்வது புகார். முகத்தைத் தூக்கினால் முகப்பு விளக்கும் தூக்கிக்கொள்ளும். அதைக் கீழே இறக்க விளக்கின் பின்னால் ஒரு ஸ்குரூ இருக்கிறது. ஒரு ஸ்குரூடிரைவரும் எதிரில் ஒரு சுவரும் இருந்தால் வேலை முடிந்தது. ஸ்பிரிங்குக்காக இத்தனை ஞாயிறு செலவழித்த மனிதர் அந்தக் கால் மணி நேரத்தை ஒதுக்கவில்லை. ராத்திரி அவர் வண்டி எதிரில் வந்தால், டூ வீலரில் போகிறவனுக்குச் சாலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது, குறுக்கே வரும் ஆளும் தெரியாது. நான் டூ வீலரில் போகிறவன். நாலைந்து முறை சொல்லிவிட்டேன். "அப்படியா சார், ரேஞ்ச் நல்லா வருதுன்னு நினைச்சேன்" என்கிறார்.

அடுத்தது அவருடைய அம்மா. வயது எண்பதை நெருங்குகிறது, இரண்டு முழங்காலும் பேசும். வண்டி உயர்ந்த நாளிலிருந்து டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் ஏறிக்கொண்டது. கோயில் வாசலில் ஸ்டூலை இறக்கி, அம்மாவை அதன்மேல் ஏற்றி, அங்கிருந்து வண்டிக்குள் ஏற்றி, ஸ்டூலை எடுத்துவைத்து, கதவைச் சாத்துவதற்குள் பின்னால் நாலு ஆட்டோ ஹாரன் அடிக்கும். அம்மா இப்போதெல்லாம் கோயிலுக்கு அந்த ஆட்டோவிலேயே போய்விடுகிறார்.

நியாயம் என்று ஒன்று இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதே, அப்போது எங்கள் தெருவில் கார் என்று பெயர் கொண்டவை எல்லாம் மூழ்கியோ மூச்சடைத்தோ கிடந்தன. இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பால் பாக்கெட், மெழுகுவத்தி, மாத்திரைச் சீட்டு, தரைத்தள வீட்டுப் பாட்டி, பாட்டியின் பூனை, எல்லாம் அந்த வண்டியில்தான் போய் வந்தன. ஒருத்தரிடம்கூடக் கையை விடச் சொல்லவில்லை. ஓட்டிய களைப்பில் படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தபோது, இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றிக்கொள்ளட்டுமே என்றுதான் தோன்றியது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. சூடான பின் அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சின்ன மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. வடிகால் மூடியைத் திறந்தால் ஆயில் கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் வந்தது. உயர்த்தாமல் விட்டிருந்த அதே அச்சுதான். நான் எதுவும் சொல்லவில்லை.

2024-இல் அந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டியாக வேண்டும். தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஆர்.சி.யில உயரம் எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்று குடியிருப்பு முழுவதும் வாதாடினார். இரண்டு ஸ்பிரிங் என்றால் அது ஒரு மாற்றமா, இரண்டு மாற்றமா என்று ஒரு வக்கீலிடம்கூடக் கேட்டிருக்கிறார். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வாதாடும் தைரியம் யாருக்கு உண்டு?

ஆகவே முந்தின நாள் இரவு பழைய ஸ்பிரிங் இரண்டும் தேடி எடுக்கப்பட்டன. ஒன்று மொட்டை மாடியில் கிடந்தது. மற்றது பால்கனியில் அம்மாவின் துளசித் தொட்டிக்கு ஸ்டாண்டாக இருந்தது. துளசி கீழே இறங்கியது, ஸ்பிரிங் வண்டியில் ஏறியது. டார்ஷன் பார் போல்டும் தளர்ந்தது. விடியும்போது ஒரு வயதான, அடக்கமான சஃபாரி வாசலில் நின்றது. எஃப்.சி. சிரமமில்லாமல் முடிந்தது.

திரும்பி வந்ததும், மெக்கானிக் சாயங்காலம்தான் வருவார் என்பதால், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகக் கதவைத் திறந்தார். ஸ்டூலை எடுக்க அவர் பின்பக்கம் போவதற்குள், அம்மா கதவுப் பிடியைப் பற்றி ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார். சுற்றிலும் பார்த்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா, இது எப்ப வாங்கின? நல்லா இருக்கே! அந்தப் பழசைக் குடுத்துட்டு இதையே வச்சுக்கோடா."