பத்தாயிரம் அடி நடக்க வந்த மகராசன்களுக்கு

விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடணும்னு ராத்திரி பேசி முடிவு பண்ணி, எட்டு மணிக்கு எழுந்து, வழியில பொங்கல் வடையெல்லாம் முடிச்சுக்கிட்டு, படாளம் கூட்ரோட்டுல திரும்பி வேடந்தாங்கல் வந்து சேரும்போது மணி பதினொண்ணு. ரொம்ப நல்ல நேரம் பாத்து வந்திருக்கீங்க. வெயில் நேரா மண்டையில இறங்கும். பாதிப் பறவை இரை தேடி அக்கம்பக்கத்து ஏரிக்கும் வயலுக்கும் போயிருக்கும். கரை நெடுக உங்களை மாதிரியே ஆளுங்க இருப்பாங்க. பேச்சுத் துணைக்குப் பஞ்சமே வராது.

கையில கட்டியிருக்கீங்களே, அந்தக் கடிகாரம் நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லுதாமே? வீட்டுல பெரியவங்க சொன்னா தட்டலாம், கடிகாரம் சொன்னா தட்ட முடியுமா? ஆனா பாருங்க, எங்க ஏரி மொத்தமே 73 ஏக்கர் சொச்சம். நீங்க நடக்கிற கரை அதுல ஒரு ஓரம். ஏத்தமில்லை, இறக்கமில்லை, முட்டி வலிக்காரப் பாட்டியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுப் போயிட்டு வந்துடலாம். இதுல பத்தாயிரம் எட்டணும்னா செக்கு மாடு மாதிரி சுத்தணும். சுத்தி முடிச்சா கடிகாரத்துக்குச் சந்தோஷம்தான். என்னத்தைப் பாத்தேன்னு உங்களைக் கேட்டா, முன்னாடி போனவரோட முதுகைப் பாத்தேன்னு சொல்லுவீங்க.

இங்க நடக்கறதை விட நிக்கறதுக்குத்தான் தெம்பு வேணும். கொஞ்ச தூரம் போங்க. தண்ணிக்குள்ள நிக்கிற மரத்துல ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. அது நீர்க்கடம்பா இருக்கும், இல்லேன்னா கருவேலம். அதுல ஒரே ஒரு கூடு. அரை மணி நேரம் அதையே பாருங்க. அரை மணியான்னு முழிக்காதீங்க, செல்லுல சமையல் வீடியோ பாக்கறப்ப மணி பாத்தா பாக்கறீங்க?

நத்தைகுத்தி நாரை கூடு கிடைச்சா யோகம். இந்த ஏரிக்கு அதுதான் பெரும்பான்மைச் சாதி. உடம்பு வெள்ளை, றெக்கை ஓரம் கறுப்பு. மூக்கைப் பாத்தா மேல் அலகும் கீழ் அலகும் நடுவுல ஒட்டாம சந்து விட்டிருக்கும். போன மாசம் ஒரு அம்மா, "ஐயோ பாவம், வாய் கோணிப்போச்சே"ன்னு வருத்தப்பட்டாங்க. வாய் கோணலே அதுக்குப் பொழப்பு. வயல் நத்தையைச் சேத்துல அமுக்கிப் பிடிச்சு, கீழ் அலகு நுனியை உள்ளே விட்டு, கறியை மட்டும் உருவிக்கும். ஓடு பெரும்பாலும் உடையாது. இன்னொண்ணு, குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது. பொறந்தப்ப மூக்கு ஒழுங்காத்தான் இருக்கும், வளர வளரத்தான் சந்து விழும். பைனாகுலர் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிப் பாருங்க. பெத்ததுக்குக் கோணல் மூக்கு, பொறந்ததுக்கு நேர் மூக்கு. இதைக் கண்ணால பாத்தவங்க ஊருக்குத் திரும்பி அளக்கலாம், நான் தடுக்கமாட்டேன்.

கூழைக்கடா கூட்டைப் பாத்தா மட்டும் மனசைத் திடப்படுத்திக்குங்க. குஞ்சு தலையை முழுசா ஆத்தா தொண்டைக்குள்ள விட்டுடும். கழுத்து வரைக்கும் உள்ளே போயிடும். முழுங்குது முழுங்குதுன்னு கத்தி ஊரைக் கூட்டாதீங்க. சாப்பாடு அங்கதான் இருக்கு, எடுத்துத் தின்னுட்டுத் தானே வெளியே வரும்.

அடுத்து நீங்க கேக்கப்போறது எனக்குத் தெரியும். "பெரியவரே, வெளிநாட்டுப் பறவை எது?" எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. மரத்துல கூடு கட்டி முட்டை வெச்சுக் குஞ்சு வளக்கிற நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் நம்ம நாட்டுச் சரக்குதான். ஆசியாக் கண்டத்து வடபகுதியிலேருந்து வர்றது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி ஆளுங்க. அவங்க தண்ணியில மிதப்பாங்க, தின்பாங்க, குளிர் முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க. குடும்பம் நடத்தறதெல்லாம் அவங்க ஊர்லதான். இருந்தாலும் அந்த வாத்தைக் காட்டினா "ஆகா"ங்கறீங்க, நாரையைக் காட்டினா "இது நம்மூருதானே"ன்னு உதட்டைப் பிதுக்கறீங்க. சரிதான், மாப்பிள்ளை பாக்கிற புத்தி பறவை பாக்க வந்தா மட்டும் மாறிடுமா?

எங்களுக்குச் சோறு போட்டது அந்த உள்ளூர் நாரைதான் தம்பி. ஆயிரக்கணக்குல கூடு, ராவும் பகலும் எச்சம், அத்தனையும் தண்ணியில விழுது. மதகைத் திறந்தா அந்தத் தண்ணி வயலுக்குப் பாயுது. உரக்கடைக்காரர் எங்க ஊர்ப் பக்கம் பாத்தா அவர் முகம் சுண்டிப்போகும். மூக்கைப் பொத்திக்கிட்டு "என்ன வாடை"ங்கறீங்களே, அந்த வாடையைத்தான் அரிசியாக்கிச் சாப்பிடறோம். காசு கொடுத்துக் கேட்டாலும் தரமாட்டோம்.

இது நேத்து இன்னிக்கு வந்த அறிவு இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க இங்க வந்து நாரையைச் சுட்டானுங்களாம். எங்க முப்பாட்டன்மாருங்க பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கலை. செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் துரைகிட்டப் போய் நின்னு, பறவையைத் தொடக்கூடாதுன்னு 1798-ல கவுல்னு ஒரு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வந்துட்டாங்க. காட்டிலாகாவும் சட்டமும் அப்புறம் வந்ததுங்க. பறவை மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கு எங்க ஊர்ல பட்டாசு வெடிக்கிறதில்லை. பிள்ளைங்க அழாதான்னா அழும்தான். ரெண்டு மத்தாப்பைக் கொளுத்திக் கொடுத்தா அடங்கிடும். 2022-ல ராம்சார்னு ஒரு உலக ஈரநிலப் பட்டியல்ல எங்க ஏரியைச் சேத்தாங்க. அதிகாரிங்க வந்து சொன்னாங்க, நல்லதுன்னோம்.

அதனால தம்பி, தோள்ல தொங்குதே அந்தப் பாட்டுப் பெட்டி, அதைக் கார்லேயே தூங்க வைங்க. பாவம், அதுவும் களைச்சிருக்கும். கையைத் தட்டி, கூவி, பறவையைப் பறக்க வெச்சு வீடியோ எடுக்கிற வித்தைக்காரங்களும் வருவாங்க. எல்லாம் ஒண்ணா எழும்புறது பாக்க அழகாத்தான் இருக்கும். காக்காவும் அந்த அழகுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. ஆத்தா எழுந்த அடுத்த நிமிஷம் கூட்டுல முட்டை இருக்காது. நீங்க லைக்கு வாங்கறீங்க, காக்கா முட்டை வாங்குது, ரெண்டு பேருக்கும் லாபம்.

சட்டை ரொம்ப எடுப்பா இருக்கு. அந்தச் சிவப்பு கல்யாணத்துக்கு நல்லாருக்கும். நம்ம மண்ணு நிறத்துல ஒண்ணு போட்டுக்கிட்டா போதும். தண்ணி பாட்டிலைக் கையோட கொண்டு போயிடுங்க, எங்க நாரைக்குப் பிளாஸ்டிக்ல கூடு கட்டத் தெரியாது.

மத்தியானம் தூங்கிட்டு நாலரை மணிக்கு வாங்களேன். பார்வைக் கோபுரத்துல ஏறுங்க, இல்லேன்னா கரையில ஒரு பெஞ்சைப் பிடிங்க. அஞ்சு மணிக்கு மேல வெளியே போன கூட்டம் திரும்பும். ஒண்ணொண்ணா, அப்புறம் வரிசை வரிசையா. காலை முன்னாடி நீட்டி, றெக்கையைப் பின்னுக்கு அடிச்சுக் கிளையில இறங்கும். கூட்டுல காவல் இருந்தது எழுந்து குரல் கொடுக்கும், குஞ்செல்லாம் வாயைப் பிளந்து கூச்சல் போடும். மரமே சந்தைக்கடையாகும். இருட்டுக் கவியற நேரம், மத்ததெல்லாம் அடையப்போறப்ப, பகல் முழுக்கத் தோளைக் குறுக்கித் தூங்கின வக்காங்கற ராக்கொக்கு மட்டும் சோம்பல் முறிச்சுக்கிட்டு வேலைக்குக் கிளம்பும். சென்னையில ராத்திரி ஷிப்டு பாக்கறவங்களுக்கு இவனைப் பாத்ததும் பாசம் பொங்கும்.

வேடந்தாங்கலை முடிச்சவங்க பக்கத்துல கரிக்கிலிக்கும் ஒரு எட்டுப் போகலாம். அங்க கூட்டம் கம்மி. கம்மியாவே இருக்கட்டும்னுதான் நான் அதிகம் சொல்லறதில்லை.

கரையோட சரணாலயம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதீங்க. சுத்துவட்டாரம் 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலய எல்லைன்னு 1998-ல அறிவிச்சாங்க. கூடு இங்க, சாப்பாடு அங்கன்னா சாப்பாட்டு ஏரியையும் காக்கணும் இல்லையா. 2020-ல அதை 3 கிலோமீட்டரா சுருக்கலாம்னு ஒரு யோசனை கிளம்புச்சு. படிச்சவங்க யோசனை, நாங்க என்ன சொல்ல? நாரைக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்குத் தெரிஞ்சிருந்தா அந்தக் கோட்டோட நின்னிருக்கும். எதிர்ப்பு பலமா வந்ததுல அது நடக்கலை.

கடைசியா ஒண்ணு. கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும்தான் இங்க சீசன். வடகிழக்கு மழை பொய்ச்ச வருஷம் ஏரி நிறையாது, ஏரி நிறையாட்டி பறவையும் தங்காது. அந்த வருஷம் வந்து காஞ்ச தரையைப் பாத்துட்டு, டிக்கெட் கொடுக்கிற பையன்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி "ஏரியில தண்ணி இருக்கா"ன்னு ஒரு போன் பண்ணிக் கேளுங்க. ஞாயித்துக்கிழமையை விட்டுட்டு வார நாள்ல வாங்க. காலையில ஆறு மணிக்குக் கரையில இருக்கணும்.